தோள்மேல் சுமை, தோளுக்குள் கத்தி

(திருத்தணியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தோள்வலி பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஏற்பாடு செய்த தோழர் சிரித்துவிட்டார். "பேங்க் கிளார்க்குக்கு முதுகுவலிதானே வரும், தோள்வலி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சரியான கேள்விதான். எனக்கு வரவில்லை. எங்கள் அம்மாவுக்கு வந்தது. சித்தப்பாவுக்கு வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறார். நான் மருத்துவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆனால் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு ஊரின் நோய்நொடி தெரிந்துவிடும். கம்மலையும் தாலிக்குண்டையும் தராசில் வைக்கும்போது "எதுக்கும்மா?" என்று கேட்டால் காரணம் சொல்வார்கள். கல்யாணம், விதை, காலேஜ் ஃபீஸ் என்பது பழைய பட்டியல். இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ஆபரேஷன். அதில் தோள்பட்டை ஆபரேஷனும் ஒன்று.

நகையை வைத்து, வட்டி கட்டி, லட்சத்துக்கு மேல் கொட்டிச் செய்யும் அந்த ஆபரேஷன் தேவைதானா? பயிற்சி செய்தே தோளைத் தேற்ற முடியாதா? இந்தக் கேள்வியை உலகத்தில் பலர் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை என்ன, அந்த விடை நம் சேரிக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் பேச்சு.

முதலில் யாருடைய தோள் என்று கேட்டுக்கொள்வோம். ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊரில் கூட்டம் கூட்டமாகக் காவடி எடுத்து 365 படி ஏறுகிறார்கள். ஒரு நாள் சுமந்து, மேலே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். தினமும் சுமக்கிறவர்களை யாரும் பக்தர் என்று சொல்வதில்லை, கூலி என்றுதான் சொல்கிறார்கள். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி, கட்டி, லாரியில் ஏற்றுகிறவர்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறிமுன் நாள் முழுக்கக் கை நீட்டி அறுந்த நூலை முடிகிறவர்கள். சூளையில் செங்கல் சுமக்கிறவர்கள். விடியற்காலை ரயில் பிடித்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போய், சித்தாளாக, பெயிண்டராக, மூட்டை தூக்குகிறவராகப் பிரிந்து, ராத்திரி வீடு திரும்புகிறவர்கள். குப்பைக் கூடையைத் தலைக்குமேல் தூக்கி லாரிக்குள் கவிழ்க்கிறவர்கள். இவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தோள் என்பது வெறும் உடலுறுப்பு இல்லை தோழர்களே. இந்த மண்ணில் அதற்குச் சாதி உண்டு. நம் தாத்தாக்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் குற்றம். எடுத்து அக்குளில் இடுக்கணும், இல்லை இடுப்பில் கட்டணும். துண்டு ஏறக் கூடாத அதே தோளில் நெல்மூட்டை ஏறலாம், பாடை ஏறலாம், செத்த மாடு ஏறலாம், பறை தொங்கலாம். தெற்கே திருவிதாங்கூரில் தோளில் சீலை போடும் உரிமைக்கே பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடிபட்டுப் போராடி, 1859இல்தான் அரசு அறிவிப்பு வந்தது. தோளில் என்ன இருக்கலாம் என்பதை அதிகாரம் தீர்மானித்த நாடு இது. ஆகவே அந்தத் தோள் வலிக்கும்போது அதற்கு என்ன வைத்தியம் என்பதும் சும்மா மருத்துவக் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

சரி, இனி தோளுக்குள் போவோம். இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் அப்படி இல்லை. சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் அது சுலபத்தில் கெடவும் செய்கிறது. பழம் உருண்டு விழாமல் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும். ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். இவற்றுக்கு மேலே கூரை மாதிரி ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. வயது ஏற ஏற, வேலை ஏற ஏற, அந்தத் தசைநாண் வேட்டி நைந்துபோவது போல நைகிறது. சிலருக்குக் கிழியவும் செய்கிறது.

1972இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார். கையைத் தூக்கும்போது தசைநாண் மேலே இருக்கும் எலும்புக் கூரையில் உரசுகிறது, அதனால்தான் வலி. கூரையைக் கொஞ்சம் சீவிவிட்டால் இடம் கிடைக்கும், வலி போய்விடும். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். கதவு தரையில் உரசினால் தச்சர் அடியில் இழைப்பார் இல்லையா, அந்த மாதிரி. பிறகு சின்னத் துளை போட்டு, கேமரா குழாய் விட்டு உள்ளேயே சீவும் முறை வந்தது. ஆபரேஷன் எளிதாகிவிட்டதால் எண்ணிக்கை எகிறியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் 2000ஆம் ஆண்டு வாக்கில் 2,523 பேருக்கு நடந்த இந்த ஆபரேஷன், 2010 வாக்கில் ஆண்டுக்கு 21,355 ஆனது. ஆனால் எலும்பைச் சீவியதால்தான் வலி போனதா என்பதை நீண்ட காலம் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை.

சோதித்தவர்களும் அறுவை மருத்துவர்கள்தான் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த குழு ஒன்று இங்கிலாந்தில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளைச் சேர்த்தது. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு எலும்பைச் சீவினார்கள். இரண்டாவது பிரிவுக்குத் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் தையல் போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்தார்கள். நோயாளிகள் முன்கூட்டியே சம்மதித்துத்தான் சேர்ந்தார்கள். ஆனால் தனக்குச் சீவினார்களா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தோளுக்கு மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 48. சீவியவர்களுக்குச் சராசரி 32.7. சும்மா கேமரா விட்டவர்களுக்கு 34.2. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 29.4. அதாவது உண்மையான ஆபரேஷனுக்கும் பாவனை ஆபரேஷனுக்கும் வித்தியாசம் இல்லை. ஒன்றும் செய்யாதவர்களைவிட இரண்டு பிரிவும் கொஞ்சம் மேல். ஆனால் அந்தக் கொஞ்சம், நோயாளி தன் அன்றாட வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இல்லை. இந்த முடிவு 2017 நவம்பரில் வெளிவந்தது.

"ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டது சரி, பயிற்சியோடு ஒப்பிட்டார்களா?" என்று கேட்பீர்கள். ஒப்பிட்டார்கள். பின்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில், 35 முதல் 65 வயதுக்குள், மூன்று மாதத்துக்கு மேல் தோள்வலி இருந்த 210 பேர். ஒரு பிரிவுக்குச் சீவும் ஆபரேஷன், ஒரு பிரிவுக்கு வெறும் கேமரா, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள், 2018இல் எழுதினார்கள். மூன்று பிரிவுமே தேறியிருந்தது. ஆபரேஷன் செய்தவர்கள் மற்றவர்களைவிடப் பொருட்படுத்தும் அளவுக்கு மேலாக இல்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான். இதையெல்லாம் வைத்து 2019இல் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் நோயாளிகளும் அடங்கிய சர்வதேசக் குழு ஒன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பரிந்துரை எழுதியது: இந்த வகைத் தோள்வலிக்கு எலும்பு சீவும் ஆபரேஷன் வேண்டாம். "யோசித்துச் செய்யலாம்" என்று இழுக்கவில்லை, அழுத்தமாகவே வேண்டாம் என்றது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "சார், ஸ்கேன்ல கிழிசல் தெரியுதுன்னு சொன்னாங்களே?" கவுண்டரில் எத்தனையோ பேர் ஃபிலிமைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. தோளில் எந்த வலியும் இல்லாத, 40 முதல் 70 வயது ஆண்கள் 51 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 96 சதவீதத் தோள்களில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! நரைமுடி வருகிற மாதிரி நாற்பதைத் தாண்டிய தோளுக்குள் தேய்மானம் வருகிறது. ஸ்கேன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனில் தெரிவதுதான் உன் வலிக்குக் காரணம் என்று அது சொல்லவும் இல்லை. அதைச் சொல்வது ஸ்கேனைக் கையில் வைத்திருக்கிறவர்.

ஒரே அடியாகக் கத்தி கூடாது என்று நான் பிரச்சாரம் செய்ய வரவில்லை. அப்படிச் சொல்வது நம் ஜனங்களுக்குச் செய்யும் இன்னொரு துரோகம். நன்றாக இருந்த தோள், படியில் விழுந்தோ மூட்டை சரிந்தோ, அன்றைக்கே கையைத் தூக்க முடியாமல் போனால் தசைநாண் முழுசாக அறுந்திருக்கலாம். அங்கே நாள் கடத்தக் கூடாது, எலும்பு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இளவயதில் தோள் திரும்பத் திரும்பக் கழன்றுவிடுகிறதா, அதற்கும் ஆபரேஷன் தேவைப்படலாம். எலும்பு முறிவு, சீழ், கட்டி, முற்றிய மூட்டுத் தேய்மானம் என்றால் பயிற்சி மட்டும் போதாது. விழாமலேயே மெல்ல மெல்ல வந்த கிழிசலில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட 452 பேருக்குப் பயிற்சி கொடுத்ததில் இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. நார்வேயில் 103 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்ததில், சின்ன, நடுத்தரக் கிழிசலைத் தைத்தவர்கள் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஓரளவு நன்றாக இருந்தார்கள். ஆக, கிழிசல் இருந்தால் எப்படி வந்தது, எவ்வளவு பெரியது, வயது என்ன, வேலை என்ன என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். பெரும்பாலோருக்கு முதலில் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இடது தோளில் வலி, கூடவே மார்பில் இறுக்கம், வியர்வை என்றால் அது தோள் இல்லை, இதயமாக இருக்கலாம், 108ஐக் கூப்பிடுங்கள். தோள்வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கை மரத்துப்போதல் இருந்தால் பயிற்சி என்று வீட்டில் உட்காராதீர்கள்.

அடுத்தது, நம் பெண்களுக்கு நிறைய வருவது. எங்கள் அம்மா இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர். கலவைச் சட்டியைத் தரையிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து சாரத்துக்கு. ஐம்பதைத் தாண்டியதும் இடது தோள் இறுகிப்போனது. தலை சீவ முடியவில்லை. ரவிக்கை மாட்ட முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. "செவுத்துல கை ஒட்டிக்கினா மாதிரி கீதுடா" என்பார். ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துப் பிடித்துத் திருப்ப வேண்டும், அதில் சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் முதலில் சர்க்கரையைப் பார்த்தார்கள். ஏகத்துக்கு இருந்தது. இதற்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது. சர்க்கரைக்கு மாத்திரை, தோளுக்கு ஓர் ஊசி, தினமும் பயிற்சி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது கொண்டை போட்டுக்கொள்கிறார். இது எங்கள் வீட்டுக் கதை, ஆதாரம் இல்லை. ஆதாரம் வேண்டுமென்றால் 2020இல் இங்கிலாந்தில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்து வந்த ஆய்வைப் பாருங்கள். மயக்கம் கொடுத்துத் திருப்புவது, கேமரா விட்டு அறுப்பது, ஊசியோடு பிசியோதெரபி இந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலில்லை.

பயிற்சி என்றால் என்ன? மெஷினும் ஒயரும் வைத்து விளக்குப் போடுவது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தசைக்குச் சுமை ஏற்றுவதுதான். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. சுவரில் விரலால் பல்லி ஏறுகிற மாதிரி மெல்ல மேலே போவது. துண்டை முதுகுக்குப் பின்னால் மேல்கையும் கீழ்க்கையுமாகப் பிடித்து மேலும் கீழும் இழுப்பது. ஆமாம், தோளில் போடக் கூடாது என்றார்களே, அதே துண்டுதான். பிறகு பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளேயும் வெளியேயும் இழுப்பது. செய்யும்போது கொஞ்சம் வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் குறைத்துச் செய்யணும், விட்டுவிடக் கூடாது. யாருக்கு எது, எத்தனை தடவை என்பதைத் தெரிந்தவர் ஒரு முறையாவது பார்த்துச் சொல்லித்தர வேண்டும்.

அந்த ஒரு முறை என்பதைக் கவனியுங்கள். 2021இல் இங்கிலாந்தில் 708 பேரை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. ஒரு பாதிப் பேர் பிசியோதெரபிஸ்டிடம் நான்கு மாதத்தில் ஆறு தடவை வரை போனார்கள். மறு பாதி ஒரே ஒரு தடவை போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வீட்டிலேயே செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே பலன். தினம் இருநூறு முந்நூறு செலவழித்துப் பத்து நாள் போய்ப் பதினோராம் நாள் பணமில்லாமல் விட்டுவிடுகிற நம் ஜனங்களுக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. நன்றாகச் சொல்லித்தர ஒரு ஆள், ஒரு மணி நேரம். பிறகு துண்டும் சைக்கிள் டியூபும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் நகை அடகுக்கு வருகிறது? இங்கேதான் நாம் பேச வேண்டிய அரசியல் இருக்கிறது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. நல்ல திட்டம். நம்மில் பலரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காப்பீடு என்பது அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுப்பவனுக்கானது. ஆபரேஷனுக்குப் பேக்கேஜ் உண்டு, அதற்கு ஒரு தொகை உண்டு. சுவரில் விரல் ஏற்றிக் கற்றுக்கொடுக்கிற ஒரு மணி நேரத்துக்கு அப்படிப் பேக்கேஜ் கிடையாது. கத்தியைப் பில்லில் எழுதலாம், பொறுமையை எழுத முடியாது. காப்பீட்டு அட்டை செல்லாத இடத்தில் எங்கள் கவுண்டர் திறந்திருக்கிறது. மருத்துவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பணம் எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழியில் வைத்தியமும் ஓடுகிறது.

இரண்டாவது, ஆபரேஷன் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். "கிழிச்சித் தச்சிட்டா வேலைக்குப் போயிடலாம்." இல்லை தோழர்களே. தசைநாணைத் தைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட வேண்டும். பாரம் தூக்க நான்கு மாதம், ஆறு மாதம். அதற்கு நடுவில் என்ன? பிசியோதெரபிதான். கத்தியைத் தேர்ந்தெடுத்தாலும் பயிற்சியிலிருந்து தப்பிக்க வழி இல்லை. இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை. பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷனால் நிமிர்த்திக் காட்டினார். வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, செத்துப்போன தசையின் இடத்தில் தைப்பார்கள். தைத்தால் மட்டும் விரல் மடங்காது. பிசியோதெரபிஸ்ட் கூட உட்கார்ந்து, வாரக்கணக்கில் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதே கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். ஊர் ஒதுக்கிவைத்த உடல்களுக்காகக் கத்தியும் பயிற்சியும் சேர்ந்து வேலை செய்த இடம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

புத்தூர் கட்டு பற்றியும் கேட்பீர்கள். நகரி தாண்டினால் புத்தூர். கை கால் முறிந்தால் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம் எல்லோரும் போகிற இடம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர்தான், வைத்தியம் நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் கட்டு என்பது எலும்பை அசையாமல் பிடித்து வைப்பதற்கு. முறிவே இல்லாத நாள்பட்ட தோள்வலிக்குக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும். முறிவுக்கு அசையாமை மருந்து, தேய்மானத்துக்கு அசைவு மருந்து. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பயிற்சிக்குப் பணம் வேண்டாம், ஆனால் காலம் வேண்டும். பன்னிரண்டு வாரம் சுமையைக் குறைக்க வேண்டும். யார் குறைப்பார்கள்? எங்கள் சித்தப்பா இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. வலது தோள். ஸ்கேனில் பாதிக் கிழிசல். தனியாரில் ஆபரேஷன் என்றார்கள், சித்தியின் செயினோடு என் கவுண்டருக்கு வந்துவிட்டார். எடை போடுவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டலாம் என்று போனோம். விழவில்லை, கையில் வலு இருக்கிறது, பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார் எலும்பு மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: மூன்று மாதம் தலைக்குமேல் பாரம் தூக்கக் கூடாது. சித்தப்பா அந்தச் சீட்டை ஒப்பந்தக்காரரிடம் கொண்டுபோனார். "தூக்க முடியாதவன் வீட்ல இரு" என்று பதில் வந்தது. வண்டி தள்ளுகிறேன், பெருக்குகிறேன், தூக்குகிற வேலை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் கூட வேலை செய்கிற நாலு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா பெருக்குவார், அவர் பங்குக் கூடையை அவர்கள் முறைவைத்துத் தூக்குவார்கள். மூன்று மாதம் அப்படி ஓட்டினார்கள். செயின் சித்தி கழுத்திலேயே இருக்கிறது. தோள் முழுசாகச் சரியாகவில்லை, மழைநாளில் கடுக்கிறது. ஆனால் கை மேலே போகிறது. அவரைத் தேற்றியதில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்த நாலு பேருக்கும் உண்டு.

நாலு பேருடைய நல்ல மனசை நம்பி ஒரு வர்க்கம் பிழைக்க முடியாது. அதை உரிமையாக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதன்கீழ் நல வாரியம் வந்தது. விபத்து, மரணம், கல்வி, திருமணம், ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த தோள் விபத்துக் கணக்கில் வராது. தேய்மானமும் வேலையால் வந்த காயம்தான் என்று நாம் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று வைத்தார்கள். சரியான திசையில் வைத்த அடி. ஆனால் ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர், எத்தனை காலனி! படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கவே அந்த ஒருவருக்கு நேரம் போதாது. ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில், அதுவும் மாலையில், வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். காப்பீட்டில் பயிற்சிக்கும் தொகை ஒதுக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மூன்று மாதம் கூலி குறையாமல் மாற்று வேலை தர வேண்டும், ஒப்பந்தக்காரரானாலும் சரி. அவசரம் இல்லாத தோள் ஆபரேஷனுக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்கும் வழி இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டியவர்களிடம் போய் "ரெண்டு கையையும் தலைக்குமேல தூக்குங்க" என்று சொல்லுங்கள். தூக்க முடியாதவர்களின் பெயர், வயது, வேலை, எத்தனை மாதமாக வலி, சர்க்கரை பார்த்தார்களா, ஆபரேஷன் சொன்னார்களா, கடன் வாங்கினார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விழுந்து அடிபட்டவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மற்றவர்களின் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம், பிறகு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். மனு எழுதுவது என் வேலை, கிளார்க்காயிற்றே. நோட்டு வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.